கல்லில் நான்கு தவறுகள்

முத்துப்பேச்சி ஒரு பனியனைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள். வெளிப்பக்கம் எப்படியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதற்கு எதற்கு ஒரு செக்கிங் என்பாள். தோள் தையல், கழுத்துப்பட்டி, கை மடிப்பு, பக்கத் தையல், கடைசியாக அடி மடிப்பு. எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே எண்ணெய்க் கறையோ, அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். விரல் நகம் அளவுதான் இருக்கும் அந்த ஸ்டிக்கர். அதன் முனை தவறைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒட்டிய பீஸ் தைத்தவனிடமே திரும்பிப் போகும். அவன் பிரித்துச் சரிசெய்தால் அதற்குப் பெயர் ஆல்டர். சரிசெய்ய முடியாததைக் கழித்துவிடுவார்கள்.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவுடன் பதினைந்து வயதில் திருப்பூர் வந்தவள். வேலம்பாளையத்தில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம். ஒருமுறை கண்டெய்னர் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏற்ற வேண்டிய ஒரு லாட் பனியன் முழுக்கக் கழுத்துப்பட்டி கோணல். மேனேஜர் ஓடி வந்து, "நூல் அளவு கோணலும்மா, போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியும், விட்டுரு" என்றார்.

"பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அத்தனை ஸ்டிக்கரையும் நானே பிச்சிருதேன்."

மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. லாரி திரும்பிப் போனது. அன்றிலிருந்து கம்பெனியில் அவளிடம் யாரும் விட்டுவிடச் சொல்வதில்லை.

அவள் புருஷன் அருண்பாண்டி ராணுவத்தில் சாப்பர். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது, இவையெல்லாம் அந்தப் பிரிவின் வேலை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஏழு மாதம் தேறாது. 2001 டிசம்பரில் இரண்டு மாத லீவில் வந்திருந்தான். டெல்லியில் நாடாளுமன்றத்தில் தாக்குதல் நடந்த செய்தியை இருவரும் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தார்கள். நாலாம் நாள் தந்தி வந்தது. லீவு ரத்து. அவன் வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

பராக்ரம் என்று பெயர் வைத்து லட்சக்கணக்கான சிப்பாய்களை ரயில் ரயிலாக மேற்கு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்குச் சண்டை வரும், நாளைக்கு வரும் என்று பத்து மாதம் பேப்பரில் எழுதினார்கள். ராஜஸ்தான் மணலிலிருந்து அருண்பாண்டி கடிதம் போட்டான். பகலில் வெடி புதைக்கிறோம், சாயங்காலம் மேப்பில் குறிக்கிறோம், இரவு காற்றடித்து மணல் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. எதிரியைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாய். இதுவரை ஒட்டகங்களைத்தான் பார்த்தேன், அவையும் நம் பக்கத்து ஒட்டகங்கள்.

2002 அக்டோபரில் சண்டை இல்லை, படைகள் திரும்பும் என்று அறிவித்தார்கள். முத்துப்பேச்சி மைசூர்பாகு வாங்கிப் போய் செக்கிங் டேபிள் முழுக்கக் கொடுத்தாள். அடுத்த கடிதத்தில், மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், புதைத்தவர்கள் மட்டும் இருந்து எடுத்துவிட்டு வர வேண்டும் என்று எழுதியிருந்தான்.

2003 பிப்ரவரியில் பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். கொடியை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் கொடுத்தார்கள். கம்பெனி அக்கவுண்டண்ட் அதைப் படித்துச் சொன்னார். "பணியின்போது" என்று இருக்கிறதாம். எப்படி இறந்தான் என்று இல்லை.

எப்படி என்று ஜூலையில் தெரிந்தது. வலது கையில் கட்டோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணிங்க, நான் சேவூருங்க. கந்தப்பன். பாண்டியும் நானும் ஒரே செக்‌ஷனுங்க."

உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். செம்பை இடது கையால் வாங்கினான்.

"எனக்கு இத வெளிய பேச ஆர்டர் இல்லீங்க. உங்ககிட்டச் சொல்லாம இருக்கவும் முடியலீங்க. சண்டை கிண்டை ஒண்ணும் இல்லீங்க அண்ணி. எல்லாரும் போயிட்டாங்க. நாங்க மட்டும் வெடிய எடுத்துட்டு இருந்தமுங்க. மேப்புல இருக்கற எடத்துல அது இல்லீங்க. மணலோட நாலடி நகர்ந்து போயிருந்துச்சுங்க."

"அத யாரு வச்சது?"

கந்தப்பன் செம்பைக் கீழே வைத்தான். "நாமதானுங்க. அதுக்கு முந்தின வருசம்."

அன்று சாயங்காலமே மாமனாரிடம் சொன்னாள். மூக்கையா துணி ரோல்களை வண்டியில் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவர். அறுபது வயதிலும் ஒரு ரோலைத் தனியாகத் தோளில் போடுவார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தப் பேச்ச இந்த வாசலோட விடு. கவனமில்லாமக் கால வச்சிட்டான்னு ஊரு பேசும். என் மகன் சண்டையில செத்தான்."

"சண்டையே நடக்கல மாமா."

"நடக்காத சண்டைக்கு ஏன்டி பத்து மாசம் நிப்பாட்டி வச்சான்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

மூக்கையா எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்கள் இருந்த காலனியின் நலச் சங்கத்துக்குத் தலைவர் கிட்டுசாமி. இருபது மெஷின் வைத்துக் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பவர். நல்ல மனுஷர். பெட்டி வந்த அன்று பந்தல் போட்டது, வந்த சிப்பாய்களுக்குச் சாப்பாடு போட்டது எல்லாம் அவர்தான். தெற்கத்தி ஆட்கள் என்று காலனியில் ஒதுக்கிப் பேசியவர்களை அதட்டியவரும் அவர்தான். கம்பெனி வேன்கள் வந்து நிற்கும் முக்கில் அருண்பாண்டிக்கு ஒரு கல் வைப்பது என்று முடிவு செய்தார். ஆகஸ்ட் பதினைந்து திறப்பு விழா. நோட்டீஸ் அடித்தார்கள். கல்லில் என்ன எழுதியிருக்கும் என்று நோட்டீஸிலேயே இருந்தது.

முத்துப்பேச்சி அதைப் படித்துவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனாள். மூக்கையா முன்னாலேயே போய் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"வா கண்ணு, உக்காரு. நோட்டீசு பாத்தியா? உன்ற பேரும் போட்டிருக்குது."

"பாத்தேண்ணே. நாலு எடத்துல தப்பா இருக்கு."

"இந்தப் பிரஸ்காரன் எப்பவுமே இப்படித்தான். எழுத்தப் பார்த்துக் கோர்க்கறதே இல்ல."

"எழுத்தெல்லாம் சரிதான். நடந்ததுதான் வேற." நோட்டீஸில் விரலை வைத்தாள். "எதிரிகளுடன்னு இருக்கு. அவரு ஒரு எதிரியையும் பாக்கல. நேருக்கு நேர் போரிட்டுன்னு இருக்கு. போரே இல்ல. பகைவரைச் சுட்டு வீழ்த்தின்னு இருக்கு. அவரு கையில அன்னிக்குத் துப்பாக்கியே இல்ல, குத்திப் பாக்குற கம்பிதான் இருந்துச்சு. கடைசில, இளைஞர்களே, இவர் விட்ட இடத்திலிருந்து தொடர வாருங்கள்னு இருக்கு. அவரு விட்ட எடத்துல இன்னும் வெடி கெடக்குண்ணே. அங்கயா பிள்ளைகள வரச் சொல்லுதீக?"

கிட்டுசாமி மூக்கையாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சனங்களுக்குப் புரியற மாதிரி எழுதோணுமல்ல கண்ணு. மணல்ல வெடியெடுத்தாருன்னு போட்டா எவன் கையெடுத்துக் கும்புடுவான்?"

"கும்புட வேண்டாம். படிச்சாப் போதும்."

"கல்லு வெட்டியாச்சு அம்மிணி. பெயிண்டும் அடிச்சாச்சு."

"அவ கெடக்கா," என்றார் மூக்கையா. "நீங்க நடத்துங்க."

நடத்தினார்கள். ஆகஸ்ட் பதினைந்து காலை ஒன்பது மணிக்கு முக்கில் பந்தல். நூறு நாற்காலி. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூட்டி வந்திருந்தார்கள். முதல் வரிசையில் மூக்கையா வெள்ளை வேட்டியில். பக்கத்தில் முத்துப்பேச்சி, கம்பெனிக்குக் கட்டும் பச்சைச் சேலையில். சுபேதார் கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. கருங்கல், வெள்ளை எழுத்து. கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்முன் முத்துப்பேச்சி எழுந்து கல்லிடம் போனாள். பூப்போடப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். இடுப்பிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். எதிரிகளுடன் என்ற சொல்லில் ஒன்று. நேருக்கு நேரில் ஒன்று. சுட்டு வீழ்த்தியில் ஒன்று. கடைசி வரியில் ஒன்று. முனை சரியாகத் தொடுகிறதா என்று பார்த்து அழுத்தி ஒட்டினாள்.

வேறு ஊராக இருந்தால் அது என்ன என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. பந்தலில் உட்கார்ந்திருந்த நூறு பேரில் தொண்ணூறு பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "அடியேய், பேச்சி கல்லையே ஆல்டருக்கு அனுப்பிட்டாடீ!"

யாரோ சிரித்தார்கள். பலர் சிரித்தார்கள்.

கிட்டுசாமி கையில் மைக் இருந்தது. அதை மறந்து பேசினார். தெருவுக்கே கேட்டது. "ஏனம்மிணி, கல்லுல எப்படி ஆல்டர் பண்றது?"

"முடியாட்டிக் கழிச்சுப் போடுங்கண்ணே." அதுவும் மைக்கில் கேட்டது.

அவள் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். மேடையில் பேசியவளில்லை. கம்பெனியில் தைத்தவனிடம் தவறைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"என் வீட்டுக்காரரு சண்டையில சாகல. சண்டையே நடக்கல. நம்ம ஆளுக புதைச்ச வெடிய நம்ம ஆளுகளே எடுக்கும்போது செத்தாரு. அவரு மட்டுமில்ல, இப்படி நெறையப் பேரு. ஒரு குண்டு சுடாம இத்தனை பேரைச் சாகக் குடுத்திருக்கு. எதுக்குன்னு யாரும் சொல்லல. சொல்ல வேண்டாம்னுதான் கல்லுல இப்படி..."

மைக் செத்தது. யாரோ ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள்.

சுபேதார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கல்லை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். கையிலிருந்த மாலையைக் கல்லின்மேல் போடாமல் அதன் காலடியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் விடிகாலை வேலைக்குப் போகும்போது மூக்கையா நான்கு ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். எட்டரை மணிக்கு வேன் ஏற வந்த முத்துப்பேச்சி நான்கு இடத்திலும் புதிதாக ஒட்டினாள். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள். அவள் வைத்த குழம்பைத்தான் அவர் ஊற்றிக்கொண்டார். பேச்சு மட்டும் இல்லை.

கம்பெனி ஸ்டிக்கரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சூப்பர்வைசர் அன்புசெல்வி சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க்கா, மேல கேக்கறாங்க." முத்துப்பேச்சி காதர்பேட்டைக் கடைவீதிக்குப் போய் ஒரு சுருள் சொந்தமாக வாங்கி வந்தாள். ஒரு காலையில் வீட்டுக் கதவில் கரியால் தேசத் துரோகி என்று எழுதியிருந்தது. அதன்மேலும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

வேன் நிற்கும் முக்கு அது. தினம் நூற்றுக்கணக்கான பேர் பார்த்தார்கள். பேச்சு காலனியைத் தாண்டிப் போனது. கிட்டுசாமி நூல் வாங்கப் போன கடையில், "ஏனுங்க, உங்க கல்லு ரிஜெக்‌ஷனாமா?" என்றார்கள். பீஸ் எடுக்க வந்த டிரைவர் கேட்டான். வங்கியில் கேட்டார்கள். பதினைந்து வருஷமாக ஒரு லாட் திரும்பி வராத மனுஷர். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முத்துப்பேச்சி முதல் நாளே பூத்திலிருந்து சேவூருக்குப் போன் போட்டிருந்தாள். கந்தப்பன் வந்து மூக்கையா எதிரில் உட்கார்ந்தான். கட்டைப் பிரித்திருந்தார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. மூக்கையா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமக் கால வச்சிட்டானாய்யா?"

"கால வெக்கலீங்கப்பா. மண்டி போட்டுக் கம்பியால குத்திப் பாத்துட்டு இருந்தானுங்க. அன்னிக்குக் காலைல இருந்து முப்பத்தொண்ணு எடுத்திருந்தானுங்க. முப்பத்தொண்ணும் சுத்தமா எடுத்தானுங்க. அடுத்தது மேப்புல இல்லாத எடத்துல சாஞ்சு கெடந்துச்சுங்க. அங்க யார் மண்டி போட்டிருந்தாலும் அதுதானுங்க ஆயிருக்கும். நான் போட்டிருந்தா நானுங்க."

"பயந்தானா?"

"தெனமும் பயந்தமுங்க. பயந்துட்டேதானுங்க எடுத்தோம்."

"முப்பத்தொண்ணு" என்றார் மூக்கையா. அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். முத்துப்பேச்சி அங்கே நின்றிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

"இந்த முப்பத்தொண்ண விட்டுட்டு, அவன் செய்யாததையில்லா கல்லுல போட்டு வச்சிருக்காங்க. ஏன்டி, இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க மாமா சொல்ல விட்டீக?"

மறுநாள் கல்லில் ஸ்டிக்கரை யாரும் சுரண்டவில்லை. மூக்கையா கிட்டுசாமியின் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை. கல்லை மாற்ற வேண்டும் என்றார். கிட்டுசாமிக்கு அப்பாடா என்றிருந்தது.

"மாத்திப்போடலாமுங்க. 'நாட்டுப் பணியில் உயிர் நீத்தார்'னு போட்டுருவமுங்க. அதுல பொய் ஒண்ணும் இல்லீங்களே?"

"அத அவ எழுதிக் குடுப்பா," என்றார் மூக்கையா. அடுத்த நாள் விடிகாலையிலேயே கல் வெட்டுகிறவர் கிரைண்டருடன் வந்துவிட்டார். பழைய எழுத்தை அரைத்து எடுத்தார். முக்கு முழுக்க வெள்ளைத் தூசி. கல் வெறுமையாக நின்றது. என்ன வெட்டுவது என்று கேட்டார்.

முத்துப்பேச்சி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். கிட்டுசாமி வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"மத்ததெல்லாம் சரி கண்ணு. 'நம் படை புதைத்த' மட்டும் வேண்டாம். 'கண்ணிவெடி'ன்னு மொட்டையா விட்ருவோம். யாரு வெச்சதுன்னு படிக்கறவன் நெனச்சுக்கட்டும்."

"நெனப்பான்ல, பாகிஸ்தான்காரன் வச்சான்னு," என்றாள்.

"நெனச்சா நெனச்சுட்டுப் போறான். கவர்மெண்டோட நமக்கு எதுக்கு வம்பு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மூக்கையா கல்லுக்கும் கல் வெட்டுகிறவருக்கும் நடுவில் வந்து தரையில் உட்கார்ந்தார். "அது இல்லாம வெட்டுததுன்னா என் மேல வெட்டு."

கிட்டுசாமி சுற்றிலும் பார்த்தார். வேனுக்கு நின்ற பெண்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்தார். "சங்கத்துப் பேர கல்லுல எங்கயும் போட வேண்டாமுங்க. உங்க கல்லு. உங்க பாடு."

"எங்க பாடுதான்," என்றாள் முத்துப்பேச்சி.

கல் வெட்டுகிறவர் சாயங்காலம் வரை வெட்டினார். அவள் வேலைக்குப் போகவில்லை. பெயிண்ட் அடிக்கும்வரை நின்றாள்.

*அருண்பாண்டி, 1974–2003. போர் நடக்கவில்லை. நம் படை புதைத்த கண்ணிவெடிகளில் அன்று முப்பத்தொன்றை எடுத்தார். அடுத்ததில் இறந்தார்.*

நாலாம் நாள் வீட்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். சீருடை இல்லை. கக்கத்தில் நோட்டு. எங்கிருந்து வருகிறார் என்று சொன்னார், அது முத்துப்பேச்சிக்குச் சரியாகப் புரியவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"முக்குல இருக்கற கல்லு உங்களோடதுங்களா?"

"ஆமா."

"யார் எழுதச் சொன்னாங்க? எதாவது கட்சிங்களா? அமைப்புங்களா?"

"நாந்தான் எழுதினேன்."

"எழுதச் சொன்னது நானு," என்று உள்ளேயிருந்து மூக்கையா வந்தார்.

கான்ஸ்டபிள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டார். கதவு எண், கம்பெனி பெயர், சொந்த ஊர். இறந்தவர் என்ன உறவு என்று கேட்டு அதையும் எழுதினார். நோட்டை மூடப்போனார்.

"கல்லுல இருக்கத எழுதலயே?" என்றாள் முத்துப்பேச்சி.

"அது தேவையில்லீங்க. ஆட்சேபகரமான வாசகம்னு எழுதிட்டன். அது போதும்."

"போதாது. ஆட்சேபம்னா எதுன்னு உங்க அதிகாரிக்குத் தெரிய வேண்டாமா? எங்களுக்குக் குடுத்த கடுதாசியிலதான் அது இல்ல. உங்க நோட்டுலயாவது இருக்கட்டும். முழுசா எழுதிக்கிட்டுப் போங்க."

அவர் அவளைப் பார்த்தார். வாசலை மறித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். நோட்டைத் திரும்ப விரித்தார். "சொல்லுங்க."

அவள் சொல்வதற்குள் மூக்கையா தொடங்கிவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நாலு நாளாக வேன் நிற்கும் இடத்தில் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிச் சொல்லியே மனப்பாடம் ஆகியிருந்தது. மகன் பெயரைச் சொன்னார். வருஷத்தைச் சொன்னார்.

"போர் நடக்கவில்லை," என்றார். கான்ஸ்டபிள் பேனா நிற்பதைப் பார்த்து, "எழுதுங்கய்யா" என்றார்.

அவர் எழுதினார்.